காகத்துக்குப் போன குளிசை

போன வருடம் மாரி தொடங்கும் முன்னர், வல்வெட்டித்துறையில் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு காலை நேரம் இது நடந்தது. அன்றன்று நடந்ததை அன்றன்றே நாட்குறிப்பில் எழுதிவிடுகிற ஆள் நான். அன்றைக்கு மட்டும் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனையை மூடிவைத்தேன்.

என் தம்பி டவுன் சின்ட்ரோமோடு பிறந்தவன். நாற்பதை நெருங்குகிறான். அம்மா காலமான பிறகு என்னோடு இருக்கிறான். தடிமன் வந்தால் அவனுக்கு அது மூக்கோடு நிற்காது, நெஞ்சுக்குள் இறங்கிவிடும். மாரி முழுக்க ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைவோம். இப்படிப் பிறந்தவர்களுக்கு நோயை எதிர்க்கும் சக்தி குறைவு என்று டொக்டர் சொல்லியிருந்தார். அம்மாவும் நெஞ்சுச் சளியில்தான், இருமி இருமிப் போனார். அதனால் தம்பி ஒருமுறை இருமினாலே டொக்டரிடம் ஓடுவேன்.

அதற்கு முந்தைய வருடம், கனடாவில் இருக்கும் எங்கள் பெரியக்கா பார்சலில் சிங்க் மாத்திரை, அதாவது குளிசை, போத்தல் போத்தலாக அனுப்பியிருந்தார். சிங்க் என்றால், பள்ளிக்கூடத்தில் நாங்கள் நாகம் என்று படித்த துத்தநாகம்தான். அங்கே டவுன் சின்ட்ரோம் பிள்ளைகளுக்குப் பலர் கொடுக்கிறார்களாம், சளி கிட்ட வராதாம். தம்பியையும் வீடியோவில் கூப்பிட்டு, "இதாலை இருமல் ஓடிப்போயிடும், ராசா" என்றார்.

வெறும் வயிற்றில் குமட்டும் என்பதால், வேலைக்குப் புறப்படும் முன் அவனுடைய பிட்டுத் தட்டின் ஓரத்தில் ஒரு குளிசையை வைத்துவிடுவேன். தம்பி தட்டோடு பின்வளவுக்குப் போவான். கைகால் கழுவி, முதற்பிடியை மதிலில் காகத்துக்கு வைத்து, அது வந்து தின்ற பிறகுதான் தான் சாப்பிடுவான். அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த நாளிலிருந்து அது அவனுடைய பொறுப்பு. காகமாக வருவது அம்மாதான் என்று பெரியவர்கள் சொன்னதை அவன் அப்படியே பிடித்துக்கொண்டான். நான் வேலையால் திரும்பி வரும்போது தட்டு வெறுமையாக இருக்கும்.

அந்த மாரிக்கு அவனுக்குத் தடிமனே வரவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில், நெல்லியடியில் அவன் போகும் பகல் பராமரிப்பு நிலையத்தில், அவனைப் போலவே பிறந்த ஒரு பெண்பிள்ளையின் தாயிடம் சொன்னேன். அவரும் மகளுக்கு அதே குளிசையைக் கொடுக்கத் தொடங்கினார்.

போன வருடம் அடுத்த மாரி நெருங்கியபோது அந்தத் தாய் தொலைபேசியில் கதைத்தார். மகளுக்கு மூக்கு ஓடத் தொடங்கிவிட்டது, மழைக்கு முன்னர் குளிசையை இரட்டிப்பாக்கட்டோ என்று கேட்டார். "உங்கடை தம்பிக்குச் சரிவந்ததுதானே அக்கா, நீங்கள் சொன்னால் குடுக்கிறன்." நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள், தடிமன் வந்தது எனக்கு. லீவு போட்டுவிட்டு வீட்டில் நின்றேன். அடுப்படியில் நின்றபடி குசினி ஜன்னலால் பார்த்தால், தம்பி பிட்டை உருண்டையாகப் பிடித்து, நடுவில் குழி செய்து, குளிசையை உள்ளே வைத்து மூடுகிறான். மதிலில் வைத்துவிட்டுக் கூப்பிடுகிறான். காகம் வந்தது. உருண்டையைக் கொத்திப் பிரித்து, குளிசையை அப்பால் எறிந்துவிட்டுப் பிட்டைத் தின்றது. ஓடிப்போய் மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். புல்லுக்குள் பழையதும் புதியதுமாகக் குளிசைகள்.

ஏனடா என்று கேட்டேன். தம்பிக்கு என் கேள்விதான் விளங்கவில்லை.

"அம்மாவுக்கு. அவவுக்குத்தானே இருமல்."

அவன் குளிசையே குடிக்கவில்லை, ஆனால் சுகமாக இருந்தான். ஒழுங்காகக் குடித்த பிள்ளைக்கு மூக்கு ஓடுகிறது. அப்படியென்றால் அந்தத் தாயிடம் நான் சொன்னது என்ன?

அன்றைக்கே தம்பியைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப காகங்களுக்காவது தடிமன் வராமல் இருந்திருக்கும்" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு விளக்கினார். இவர்களில் பலருக்கு இரத்தத்தில் சிங்க் குறைவாக இருப்பது உண்மைதான். ஆனால் குளிசை கொடுத்தால் நோய் குறையுமா என்று பார்த்த ஆய்வுகளில் சிலவற்றில் பலன் தெரிந்ததாம், சிலவற்றில் தெரியவில்லையாம். அளவுக்கு மேல் நெடுகக் கொடுத்தால் உடம்பில் செம்பு குறைந்து, இருக்கிற எதிர்ப்புச் சக்தியும் இறங்கிவிடுமாம். இரத்தம் பார்க்காமல் கொடுக்கவே கூடாது என்றார்.

"அப்ப தம்பிக்கு ஏன் டொக்டர் தடிமன் வரயில்லை?"

"தெரியாது அம்மா. காகத்துக்கு வைக்கமுதல் கை கழுவுறது காரணமாய் இருக்கலாம். சும்மா நல்ல வருஷமாயும் இருக்கலாம்."

கிளினிக் வாசலில் நின்றே அந்தத் தாய்க்கு எடுத்தேன். இரட்டிப்பாக்க வேண்டாம் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு காகத்தின் கதையைச் சொன்னேன். "அப்ப நான் குடுக்கிறதோ, நிப்பாட்டுறதோ?" என்று கேட்டார். முதலில் இரத்தம் பார்ப்போம் என்றேன்.

இருவருக்கும் பார்த்தோம். அந்தப் பிள்ளைக்குச் சிங்க் சற்றுக் குறைவு என்று டொக்டரே அளவு எழுதிக்கொடுத்தார். தம்பிக்குக் குறைவில்லை, குளிசை தேவையில்லை என்றார். எனக்கு எது எதனால் என்று இன்னும் விளங்கவில்லை.

குளிசை வைக்காத முதல் நாள் காலை, தம்பி தட்டைப் பார்த்தபடி நின்றான்.

"அக்கா, அம்மான்ரை குளிசை எங்கை?"

"அம்மாவுக்குச் சுகம் வந்திட்டுது, ராசா. இனித் தேவையில்லை."

மதிலில் காத்திருந்த காகம் கரகரத்துக் கத்தியது. தம்பி என்னை நம்பாமல் பார்த்தான்.

"பொய். கேள், இன்னும் இருமுறா."

காகம் கத்துவது அவனுக்கு எப்படிக் கேட்கிறது என்று நான் அதுவரை ஒருநாளும் யோசித்ததில்லை. உள்ளே போய் ஒரு கற்கண்டு எடுத்துவந்து தட்டின் ஓரத்தில் வைத்தேன். எங்களுக்கு இருமல் வந்தால் அம்மா தருவது அதுதான். அவன் அதைப் பிட்டுக்குள் வைத்து மூடிக்கொண்டு மதிலடிக்குப் போனான்.

எந்த மருந்து யாரைக் காப்பாற்றுகிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் நோயாளி என்று நினைத்துக் காவல் காத்தவன், அத்தனை நாளும் தன்னை அம்மாவுக்கு மருந்து கொடுக்கிறவனாகவே நினைத்திருந்தான் என்பது மட்டும் தெரியும்.