ஒரு மூச்சு

சிந்தா மதாரின் வாப்பாவும் மீரான் கனியின் வாப்பாவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். மூத்தவருக்குப் பிறந்தவர் மீரான் கனி, இளையவருக்குப் பிறந்தவர் சிந்தா மதார். ஆறு வயது இடைவெளி. இருவருமே குர்ஆன் முப்பது பாகத்தையும் நெஞ்சில் ஏற்றிய ஹாபிஸ்கள். கோவில்பட்டியில் அவர்கள் தெருவுக்கு அது பெருமை. அந்தப் பெருமைதான் ஒருவரை அடித்துப் போட்டது.

சிந்தா மதாருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தொண்ணூற்று நான்காம் வருஷத்து ரமலானில், இரவுத் தொழுகையான தராவீஹுக்கு முதன்முதலாக முன்னே நின்று ஓதினார். ஓதுகிறவருக்கு நேர் பின்னால் இன்னொரு ஹாபிஸ் நின்று கேட்பார். ஓதுகிறவர் மறந்தாலோ மாற்றி ஓதினாலோ அடுத்த சொல்லை எடுத்துக்கொடுப்பது அவர் வேலை. அதற்கு ஒரு முறை உண்டு. ஓதுகிறவர் திகைத்து நின்றால் ஒரு மூச்சு நேரம் பொறுக்க வேண்டும். அந்த ஒரு மூச்சில் தானாக வந்துவிடும். வராவிட்டால்தான் குரல் கொடுக்க வேண்டும்.

பின்னால் நின்றவர் மீரான் கனி. அந்த ஒரு மூச்சை அவர் கொடுக்கவில்லை. நீண்ட வசனத்தின் நடுவில் சிந்தா மதார் மூச்சு வாங்க நின்றாலும் பின்னாலிருந்து குரல் வந்தது. முதல் குரலில் திடுக்கிட்டார். மூன்றாவதில் ஓதிய வரியையே திரும்ப ஓதினார். அதற்கப்புறம் உண்மையாகவே மறக்கத் தொடங்கியது. அன்றைக்கு மட்டும் பதினொரு தடவை. அதை யாரோ விரல் விட்டு எண்ணியிருக்கிறார்கள்! மறுநாள் ஜமாஅத்தில் கூடிப் பேசி மீரான் கனியை முன்னே நிறுத்தினார்கள். அன்றிலிருந்து முப்பத்தொரு ரமலான், அவர்தான்.

சிந்தா மதாருக்கு ‘பதினொண்ணு’ என்று பட்டப்பெயர் விழுந்தது. டீக்கடையில் அவர் தலையைக் கண்டதும், “பதினொண்ணுக்கு ஒரு டீ போடுலே” என்பார்கள். மாமா மகளை அவருக்குக் கொடுப்பதாக இருந்த பேச்சும் நின்றுபோய், அந்தப் பெண்ணைத் தென்காசிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். இதையெல்லாம் அவர் யாரிடமும் முறையிடவில்லை. ஒன்றே ஒன்றைச் செய்தார். ஒரு நாளைக்கு ஒரு பாகம் என்று, முப்பத்தொரு வருஷமும் விடாமல் ஓதி, மறதிக்கு இடமில்லாமல் வைத்துக்கொண்டார்.

பிழைப்புக்குப் புதியம்புத்தூரில் உள்பாவாடையும் நைட்டியும் மொத்தமாக எடுத்து, மொபெட்டில் மூட்டை கட்டிக் கரிசக்காட்டு ஊர்களில் விற்றார். கோவில்பட்டியில் கிளம்பி எட்டயபுரம் போய்ச் சேர்வதற்குள் அரைப் பாகம் முடிந்துவிடும். திரும்பி வரும்போது மீதி. வழியில் ஒரு ஊரில் வெயிலுகந்தம்மாள் என்று வாய்த்துடுக்கான ஒருத்தி.

“ஏ பாய், வண்டி ஓடுத வரைக்கும் உம்ம வாயும் ஓடுது. யாரை வஞ்சுக்கிட்டு வாரீரு?”

“வையல தாயி, ஓதுதேன். ஒரு ஆளுக்காகப் பதம் போட்டு வச்சிருக்கேன்.”

“பதம் போட அது என்ன அரிவாளா?”

சிந்தா மதார் சிரித்துக்கொண்டே பாவாடையை உதறிக் காட்டினார். அரிவாள் என்றுதான் அவரும் நினைத்திருந்தார்.

இந்த ரமலானில் பதிமூன்றாம் நோன்பன்று, பின்னால் நின்று கேட்ட வெளியூர் ஹாபிஸ் மஞ்சக்காமாலை வந்து தன் ஊருக்குப் போய்விட்டார். சிந்தா மதாரின் வீட்டைத் தேடி ஜமாஅத் தலைவர் அசனார் வந்தார்.

“மதாரு, பழசையெல்லாம் மனசுல வைக்காதயும். பின்னால நிக்க வேற ஆள் இல்லவே.”

“வாரேன் அண்ணாச்சி. பின்னால நிக்கத்தான இத்தனை வருசம் காத்துக் கிடக்கேன்.”

மறுநாள் இரவு தாஹா அத்தியாயம். சூனியக்காரர்கள் தோற்றுப்போய், மூஸா நபியும் ஹாரூன் நபியும் வணங்கும் இறைவனை நம்பினோம் என்று சொல்லும் இடம். மற்ற இடங்களில் மூஸாவின் பெயர் முன்னால் வரும், தாஹாவில் மட்டும் ஹாரூனின் பெயர் முந்தி வரும். எந்த ஹாபிஸுக்கும் கால் இடறும் இடம் அது. மீரான் கனிக்கு வயது ஐம்பத்தொன்பது, சர்க்கரை வேறு. மூஸாவை முன்னால் சொல்லிவிட்டார்.

சிந்தா மதாரின் குரல் திரைக்குப் பின்னாலிருந்த பெண்கள் வரைக்கும் கேட்டது. அதோடு விட்டாரா? அதற்கப்புறம் மீரான் கனி மூச்சு வாங்கியதையெல்லாம் மறதியாக்கினார். அண்ணன் முறையான அந்தக் காக்காவின் பிடரியில் வேர்வை ஓடிச் சட்டைக் காலர் நனைந்ததை, தொழுகையில் நிற்கிறோம் என்பதையும் மறந்து பார்த்துக்கொண்டே நின்றார். நான்கு, ஏழு, ஒன்பது. பதினொன்று ஆனதும் நிறுத்திக்கொண்டார். பன்னிரண்டாவது அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் மீரான் கனி தானாகவே, “எனக்கு ஏலாது. மதாரு ஓதட்டும்” என்று ஒதுங்கினார்.

சிந்தா மதார் முன்னே போய் நின்றார். தொழுகையைத் தொடங்கத் தக்பீர் சொல்லிக் கையை உயர்த்தும்போதுதான் அது அவருக்கு உறைத்தது. ஊரில் இருப்பதே இரண்டு ஹாபிஸ். பின்னால் நிற்கப்போவது யார்?

இரண்டு நாள் தண்ணீராக ஓடியது. மூன்றாம் நாள் ஷுஅரா அத்தியாயம். அதே சூனியக்காரர்கள், அதே தோல்வி, அதே சொல். சிந்தா மதார் நின்றுவிட்டார். முந்தாநாளுக்கு முந்தின நாள் அத்தனை பேர் கேட்க அவர் உரக்கச் சொன்ன ஹாரூன் முந்திக்கொண்டு நாக்கில் வந்து நின்றார். அது இங்கே இல்லை என்று தெரிகிறது. எது சரி என்று பிடிபடவில்லை. ரோட்டில் மொபெட்டுக்குக் கேட்க ஓதியதும் முன்னூறு பேர் கேட்க ஓதுவதும் ஒன்றில்லை. பள்ளிவாசலில் மின்விசிறிச் சத்தம் மட்டும். இப்போது வரும், இப்போது பின்னாலிருந்து குரல் வரும் என்று அவர் முதுகு கூசியது.

வரவில்லை. மீரான் கனி பொறுத்தார். முழுதாக ஒரு மூச்சு.

அந்த மூச்சின் கடைசியில் மூஸா முன்னால் வந்தார். ஓதி முடித்தார்.

தொழுகை முடிந்து, செருப்பு மாட்டும் இடத்தில் சிந்தா மதார் மறித்தார்.

“ஏன் காக்கா எடுத்துக் கொடுக்கல?”

“ஒரு மூச்சு விட்டா உனக்கு வந்துரும்லே. எனக்குத் தெரியும்.”

“அன்னைக்குத் தெரியலையோ?”

மீரான் கனி குனிந்து செருப்பைத் தேடினார். நிமிராமலே சொன்னார்.

“அன்னைக்கும் தெரியும்.”

மன்னிப்புக் கேட்கவில்லை. சிந்தா மதாரும் கேட்கும்படி சொல்லவில்லை. பதினொன்றுக்குப் பதினொன்று அவர் தீர்த்துவிட்டார். ஆனால் இந்த ஒரு மூச்சை எதைக் கொண்டு தீர்ப்பது? இவ்வளவு லேசாகக் கொடுக்கக்கூடியதை அன்றைக்குக் கொடுக்காமல் போனவரைக் காட்டிலும், இன்றைக்குக் கொடுத்தவர் மேல்தான் அவருக்கு வெறி ஏறியது.

பெருநாள் கழிந்து நாலாம் நாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். வெயிலுகந்தம்மாள் வேப்பமரத்தடியில் வழிமறித்தாள்.

“என்ன பாய், அந்த ஆளப் பார்த்தாச்சா?”

“பார்த்தாச்சு.”

“அப்பொறம் என்ன, வாய் இன்னும் ஓயல?”

“தீரல தாயி” என்றார். வண்டியை மிதித்துக் கிளப்பி, முதல் பாகத்திலிருந்து ஆரம்பித்தார்.