முன்சீட்டின் நாலு போல்ட்டு

கார் சீட்டைக் கழற்றி மாட்டுகிற வேலையில் காரைக்காலில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நானே சொல்லக் கூடாதுதான். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இன்றைக்குத் தலத்தெருவில் சீட்டு தைக்கிற பட்டறை வைத்து எட்டுப் பேருக்கு வேலை கொடுக்கிறேன். பாலிடெக்னிக் படித்துவிட்டு வருகிறவனுக்கும் முதல் நாள் பாடம் நான்தான் எடுப்பேன். கழற்றின போல்ட்டில் அதன் வாஷரையும் நட்டையும் அப்போதே திருகிவிட வேண்டும். எந்த மூலையிலிருந்து வந்ததோ அந்த மூலைப்படியே வைக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் என் பட்டறையில் ஒரு போல்ட்டு தொலைந்ததில்லை.

தொலைந்துவிட்டது என்று நான் வாயால் சொன்னது ஒரே ஒரு தடவை. அப்போது எனக்கு ஒன்பது வயது. சொன்னது பொய்.

எழுபதுகளின் கடைசி அது. கோட்டுச்சேரிமேட்டில் மற்ற வீட்டு ஆண்களெல்லாம் கடலுக்குப் போக, எங்கள் அப்பா மட்டும் வாடகைக் கார் ஓட்டினார். படகில் ஏறினால் அவருக்குக் குடலே வெளியில் வந்துவிடும். மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து கடல் ஒத்துக்கொள்ளாத மனுஷன் என்று அவரை வைத்து ஊர் சிரிக்காத நாளில்லை. அவருடையது பழைய கார். முன்னால் இரண்டு தனித்தனிச் சீட்டு.

அந்த வருஷம் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. செவ்வாய்க்கிழமை தோறும் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டிக்குக் கரண்ட் வைத்துக்கொண்டு வர வேண்டும்; கதிர்வீச்சு வைத்தியத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். அம்மாவால் உட்கார முடியாது. பின்சீட்டில் படுத்தால் காலை மடக்க வேண்டும், மடக்கினால் உயிர் போகும். அதனால் திங்கட்கிழமை சாயங்காலமே டிரைவர் பக்கத்துச் சீட்டை அப்பா கழற்றிவிடுவார். அந்த இடத்திலிருந்து பின்சீட்டு வரைக்கும் ஒரு பலகை, அதன்மேல் மெத்தை. அம்மா நீட்டிப் படுத்துக்கொண்டே தஞ்சாவூர் போய்த் திரும்புவாள். புதன்கிழமை காலையில் சீட்டை மாட்டிக்கொண்டு அப்பா வாடகைக்குக் கிளம்புவார்.

முதல் வாரமே ஒரு வாஷர் வாசல் மணலில் விழுந்து போனது போனதுதான், வேறு வாங்கித்தான் போட்டோம். நான் யோசித்தேன். எங்கள் ஊரில் தூண்டில் முள் ஒன்றோடொன்று சிக்காமலிருக்க அவற்றை வாழைமட்டையில் வரிசையாகக் குத்தி வைப்பார்கள். நானும் ஒரு துண்டு வாழைமட்டை எடுத்து, காரில் இருந்த மாதிரியே நாலு மூலைக்கு நாலு போல்ட்டாகக் குத்தி வைத்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, என் சொந்த மூளை. அப்பா அதைத் தெருவெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டார்.

என் கணக்கு எனக்கு இப்படி இருந்தது. சீட்டைக் கழற்றினால் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். போகப் போகக் குணமாகிறாள். போல்ட்டைக் காக்கிற நான்தான் பாதி வைத்தியம் பார்க்கிறேன்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை, எப்போதும் இருட்டிய பிறகு வருகிற கார் உச்சி வெயிலிலேயே வந்து நின்றது. அப்பா அம்மாவைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே பாயில் படுக்க வைத்தார். வெளியே வந்து பலகையை இறக்கினார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"போல்ட்ட எடுத்தாம்மா. சீட்ட மாட்டிடுவோம். இனிமே கழட்ட வேண்டியதில்ல."

இனிமேல் கழற்ற வேண்டியதில்லை என்றால் அம்மா எதில் போவாள்? உள்ளே ஓடினேன். வாழைமட்டையை எடுத்து, அம்மா தலைக்கு வைத்திருந்த பழம்புடவை மூட்டைக்கு அடியில் சொருகினேன். திரும்பி வந்து, "நேத்திக்கே மணல்ல கொட்டிப்போச்சுப்பா" என்றேன்.

அப்பா திட்டவில்லை. சல்லடையை எடுத்துக்கொண்டு வாசலில் குந்தினார். ஒரு கை மணல் அள்ளுவதும் சலிப்பதுமாக இருந்தார். தெருவில் போன ஒருவர், "என்னப்பா, கரையிலயே வலை போடுறியா?" என்று சிரித்தார். உள்ளே அம்மா படுத்திருக்கிற நிலையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு போனார்.

விஷயம் கேள்விப்பட்டு மாமா, அம்மாவின் தம்பி, சைக்கிளில் வந்தார். மெக்கானிக் கடையிலிருந்து நாலு போல்ட்டு வாங்கி வந்திருந்தார்.

"இந்தாங்க மச்சான். அளவு அதேதான். மாட்டிடுங்க, காலைல கோவில்பத்துக்காரங்க வண்டி கேட்டுருக்காங்க."

"இது சேராது தம்பி."

"போட்டுப் பாக்காமயே சேராதுங்கறீங்களே. நட்டு போல்ட்டு என்ன, பொண்ணு மாப்பிள்ளையா? ஜாதகம் பாத்தா மாட்டுவாங்க?"

"வண்டியோட வந்த போல்ட்டுதான் ஒக்காரும்."

மாமா அவர் முகத்தைப் பார்த்தார். போல்ட்டுகளைப் பானெட்டின் மேல் வைத்துவிட்டு, சட்டைத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவை வேறு போல்ட்டில்லை, அச்சாக அதே அளவு. அது எனக்கே பார்த்தவுடன் தெரிந்தது. தொழில்காரரான அப்பாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று மனதுக்குள் அவரை மட்டமாக நினைத்தேன்.

வெயில் சாய்ந்த நேரத்தில் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"தலைக்கடில என்னடி குத்துது?"

அவளே கையை விட்டுத் தடவினாள். விரலாலேயே ஒன்றொன்றாகத் தொட்டு எண்ணினாள்.

"இதத்தான் அப்பா தேடுறாரா? கொண்டு குடு."

"மாட்டேன். சீட்டு மாட்டிட்டா நீ எங்கம்மா படுப்ப?"

அம்மா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது. வலிக்கிறதோ என்று நினைத்து வயிற்றைத் தடவிவிடப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, இருக்கட்டும். இப்ப குத்தல."

அப்படியே படுத்திருந்தாள். வாசலில் சல்லடை சரசரவென்று ஓடுகிற சத்தம் நிற்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே மட்டையை உருவி என் கையில் வைத்தாள்.

"போடி. அவரு தேடுனது போதும்னு நான் சொன்னேன்னு சொல்லு."

அம்மா சொன்னால் மறுக்க முடியாது. முதுகில் நாலு விழும் என்று தெரிந்தேதான் போனேன். வாசல் மணல் பாதிக்கு மேல் சலித்துக் குவித்திருந்தது. மட்டையை நீட்டினேன்.

"நான்தான்ப்பா ஒளிச்சு வச்சேன். அம்மா போதும்னு சொல்லச் சொல்லிச்சு."

அப்பா மட்டையை வாங்கினார். அடிக்கவில்லை, ஏன் ஒளித்தாய் என்றும் கேட்கவில்லை. போல்ட்டுகளை ஒவ்வொன்றாக உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சீட்டு வாசலோரம் கிடந்தது. அதன் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மறுபடி குந்தி, சல்லடையை எடுத்து, மணலை அள்ளினார்.

எண்ணத் தவறிவிட்டாரோ என்று நினைத்தேன்.

"நாலும் இருக்குப்பா. நட்டு, வாஷர் எல்லாம் சேத்துதான் இருக்கு."

"இருக்கட்டும்மா. நீ போயி அம்மாகூட இரு."

நான் போகவில்லை. வெளிச்சம் மங்குகிற வரைக்கும் வாசற்படியில் நின்று பார்த்தேன். நாலு போல்ட்டும் சட்டைப் பையில் இருக்க, இந்த மனுஷன் மணலில் இன்னும் எதைத் தேடுகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.