இருமப் பழக்கிய மோட்டார் சைக்கிள்

உரும்பிராயில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் மார்க்கண்டு மாமாவின் வீடு. வெங்காயம் செய்கிறவர். அதிகம் கதைக்க மாட்டார். எதையும் பழுதாக விட்டு வைக்கவும் மாட்டார். தண்ணீர் இறைக்கும் மெஷின், படலைக் கதவு, ரேடியோ எல்லாம் அவர் கையில் ஒழுங்காக இருக்கும். அப்படிப்பட்டவருடைய மோட்டார் சைக்கிள் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு இருமத் தொடங்கியது.

போரும் பொருளாதாரத் தடையுமாகப் பெற்றோல் வராத காலம் அது. குழந்தைகளின் சூப்பிப் போத்தலால் கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றர் வாயில் பீச்சி, உதைத்து, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடுவார்கள். எல்லா வண்டிகளும் புகைத்தன. ஆனால் மாமாவின் வண்டி கறுப்பாகக் கக்கியது, திணறியது, வேலியோரம் வந்து நின்றுவிடும். ஊர் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை.

நன்றாக ஓடும் வாகனங்களைச் சந்தியில் இயக்க முகாமில் இருந்தவர்கள் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். எடுத்தவற்றில் ஒன்றாவது திரும்பி வந்ததை நான் காணவில்லை. மாமாவின் மனைவி பூரணம் மாமிக்கு முட்டு, மூச்சு இழுக்கும் வருத்தம். அதற்கான குளிசை கடைகளில் இல்லை. இழுப்பு மிஞ்சினால் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில்தான் ஊசி. சைக்கிள் கரியரில் நிமிர்ந்திருக்க மாமியால் முடியாது. ஆகவே மோட்டார் சைக்கிள் வீட்டில் நிற்க வேண்டும். நிற்பதென்றால் அது யாருக்கும் வேண்டாததாக இருக்க வேண்டும்.

நான் ஆங்கிலமும் படித்தவள் என்பதால் வண்டியோடு வந்த கையேட்டை, அது இருமத் தொடங்குமுன் ஒருநாள், மாமா கொண்டுவந்தார்.

“பிள்ளை, இதிலை வண்டிக்கு வாற வருத்தமெல்லாம் போட்டிருக்காம். வாசி பாப்பம்.”

ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன்.

“உதுகளிலை எது பாக்கப் பொல்லாததா இருக்கும், ஆனா கெதியா மாத்தலாம்?”

“மாமா, இது திருத்திறதுக்கு எழுதின புத்தகம்.”

“திருத்த எனக்குத் தெரியும். நீ வாசி.”

காற்றுப் போகும் வழி அடைபட்டால் கறுப்புப் புகை வரும், இயந்திரம் திணறும் என்று வாசித்தேன். போதும் என்றார். மாமியின் பழைய நூல்சீலையில் ஒரு துண்டு கிழித்து, பக்க மூடியைக் கழற்றி, காற்று இழுக்கும் குழாய்க்குள் செருகினார். மாமிக்கு இழுக்கும் நாளில் துண்டை எடுத்து எறிந்தால் வண்டி பறக்கும். ஆனி மாதத்தில் ஒருமுறை அப்படிப் பறந்தும் இருக்கிறது.

அதன் பிறகு புகை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வண்டிக்குத் துணி பழகிவிட்டது என்று நினைத்து, மாமா இன்னொரு துண்டையும் செருகினார்.

புரட்டாதிக் கடைசியில் ஒரு காலை முகாமிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி வாசலில் நின்றாள். மற்றவள் பின்னலை மடித்துக் கட்டியிருந்தாள். நகங்களுக்குள் கிறீஸ் கறுத்திருந்தது.

“ஐயா, ஒருக்கா ஸ்ராட் பண்ணுங்கோ.”

மாமா உதைத்தார். வண்டி இருமியது.

“இன்னும் முறுக்குங்கோ.”

முறுக்கினார். தன் வண்டியின் கேவலத்தை முழுதாகக் காட்டிவிட வேண்டுமென்று நெடுநேரம் முறுக்கினார். புகை முற்றத்தை நிறைத்து, காற்றோடு சமையலறைக்குள் போனது.

“எப்ப துடக்கம் இப்பிடி?”

“இது பிறந்ததே இப்பிடித்தான், பிள்ளை.”

வாசலில் நின்றவள் சிரித்துவிட்டாள். கிறீஸ் கைக்காரி குனிந்து செயினைத் தொட்டு, விரலை முகர்ந்தாள்.

“ஓடாத வண்டியின்ரை செயினுக்கு எண்ணெய் போட்டிருக்கிறியள், ஐயா.”

மாமா இயந்திரத்தை நிறுத்தினார்.

“பிறகு வாறம்,” என்றாள்.

அவர்கள் போன பிறகு சமையலறையில் மாமி இருமுவது கேட்டது. மத்தியானத்துக்குள் அது இழுப்பாகிவிட்டது. நான் ஓடிப்போனபோது மாமி மேசை விளிம்பைப் பிடித்து, தோள்கள் ஏறி இறங்க, வாயால் மூச்சைத் தேடிக்கொண்டிருந்தார். நகங்கள் நீலம் பாரித்திருந்தன.

மாமா பக்க மூடியைக் கழற்றித் துண்டுகளை இழுத்தெறிந்தார். பெற்றோல் பீச்சி உதைத்தார். வண்டி ஒருகணம் சீறி அடங்கியது. மறுபடியும் பீச்சினார். மறுபடியும் அப்படியே. பிளக்கைக் கழற்றிச் சுரண்டி, நெருப்பில் காட்டிப் பூட்டினார். பொறி இருந்தது. தாங்கியில் மண்ணெண்ணெய் இருந்தது. பீச்சிய பெற்றோல் எரிந்து முடிந்ததும் வண்டி செத்தது. கடைசியில் போத்தலும் வெறுமையானது.

வெறும் போத்தலை இன்னொருமுறை அமுக்கிப் பார்த்தார்.

மாமி மூச்சுக்கு நடுவே சொன்னார்: “போய்... அந்தப் பிள்ளையைக்... கூப்பிடுங்கோ.”

“கூப்பிட்டால் வண்டி போயிடும், பூரணம்.”

மாமி சந்திப் பக்கம் கையைக் காட்டினார். பேச மூச்சு இல்லை.

மாமா சந்திக்கு ஓடினார். அந்தப் பெண் சிறிய திருகுசாவிப் பையோடும் ஒரு போத்தல் பெற்றோலோடும் வந்தாள். முதலில் மாமியைப் பார்த்தாள். பிறகு நிலத்தில் கிடந்த துண்டுகளைப் பார்த்தாள்.

“இது ஆரின்ரை சீலை?”

“என்ரை மனுசியின்ரை.”

“நல்ல கரை,” என்றாள்.

காபரேற்றரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினாள். உள்ளே தேன்போல மஞ்சள் பசை. எண்ணெய் உறிஞ்சும் சின்னப் பித்தளை ஜெட்டைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்தாள். துளையில் வெளிச்சம் தெரியவில்லை.

“மண்ணெண்ணெய் ஊத்தை. கனநாளா அடைபட்டு வந்திருக்கு. எண்ணெய் குறைய, நீங்கள் காத்தையும் குறைச்சுக்கொண்டு வந்திருக்கிறியள். சீலை இருந்தபடியாத்தான் இவ்வளவு நாளும் ஓடினது, ஐயா.”

மாமா தலையில் கை வைத்தபடி குந்தினார். பொய் வருத்தத்தின் சத்தத்துக்குள் மெய் வருத்தம் வளர்ந்தது அவருக்குக் கேட்கவில்லை.

அவள் வயரிலிருந்து ஒரு செப்பிழையை உருவி, துளைக்குள் விட்டு எடுத்து, வாயால் ஊதிப் பூட்டினாள். பெற்றோல் பீச்சி உதைத்தாள். முதல் உதையிலேயே பிடித்தது. அந்த வண்டி அவ்வளவு அழகாக ஓடி நான் கேட்டதில்லை. ஒழுங்கையில் எல்லா வீடுகளுக்கும் கேட்டிருக்கும்.

“நீங்களே கொண்டு போங்கோ,” என்றாள். “திரும்பி வரேக்கை சந்தியிலை குடுத்திட்டுப் போங்கோ.”

“ஓம்,” என்றார் மாமா.

நான் மாமியை நடுவில் இருத்தி, பின்னால் ஏறிப் பிடித்துக்கொண்டேன். வண்டி ஒருமுறைகூட இருமவில்லை. மாமிக்கு ஊசி போட்டார்கள். அடுத்த நாள் மூச்சு சீரானது. மாமா மட்டும் முதலில் திரும்பினார், சந்தியிலிருந்து நடந்து. மாமியை ஒரு தெரிந்தவரின் மாட்டுவண்டியில் கொண்டுவந்தோம்.

அடுத்த கிழமை மாமா சைக்கிள் கரியரில் பலகை கட்டி, சாய்வதற்கு இரண்டு தடி நிறுத்தி, மாமியை இருத்திப் பார்த்தார். படலை தாண்டுமுன் மாமி ஒருபக்கம் சரிந்தார். இறக்கிவிட்டு, தடியை இன்னும் உயரமாகக் கட்டினார்.

வடக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மாரியில்தான் மாமிக்கு முட்டு அதிகம்.

“மழை வரப்போகுது போலை,” என்றார் மாமி.

தெருவால் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. புகையில்லாத, ஒழுங்கான சத்தம். சத்தம் சந்திப் பக்கம் கரையும்வரை மாமா கயிற்றைப் பிடித்தபடி நின்றார். பிறகு முடிச்சை அவிழ்த்து, முதலிலிருந்து கட்டத் தொடங்கினார்.