தூணுக்கு அடியில் தாழி

லாஸ்பேட்டையில் பதினோரு வருஷம் வாடகைக்கு இருந்துவிட்டு, சேதராப்பட்டுப் பக்கம் ஒரு மனை வாங்கினோம். எனக்கு அங்கே ஃபேக்டரியில் வேலை. கடலிலிருந்து தள்ளி, மேட்டுச் செம்மண். தண்ணீர் நிற்காது என்று பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். அந்தக் காலத்து ஜனங்களும் மேடு பார்த்துத்தான் செத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்தார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. நம் மனையிலா இருக்கப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

மூலைத் தூணுக்குக் குழி எடுக்கும்போது கடப்பாரை எதிலோ இடித்தது. மண்ணை ஒதுக்கினால், ஓர் ஆள் உள்ளே குந்தலாம் போல அகலமான பானை வாய். உள்ளே மண்ணோடு மண்ணாக எலும்புத் துண்டுகள், ஒரு கறுப்புக் கிண்ணம். நான் பயந்துபோனேன். செத்தவரை நினைத்து அல்ல, வீட்டை நினைத்து.

"வெளிய தெரிஞ்சா சர்க்கார்ல கயிறு கட்டிடுவாங்க. அப்புறம் வீட்ட மறந்துட வேண்டியதுதான்," என்றார் மேஸ்திரி.

"ஒடச்சிடுங்க," என்றேன். யோசிக்கவே இல்லை. அவர் கற்பூரம் கொளுத்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, உடைத்தார். அன்றைக்கே கான்கிரீட் போட்டோம். மனைவியிடம் நான் மூச்சு விடவில்லை.

அந்த மூலையில்தான் எங்கள் படுக்கை அறை வந்தது. குடிவந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. தெருவில் ஜீப் திரும்பினால் ஜன்னல் ஓரம் போய் எட்டிப் பார்ப்பேன். கையெழுத்து வாங்க வரும் கூரியர்காரரைப் பார்த்துக்கூடப் பயந்திருக்கிறேன்.

போன மாதம் பக்கத்து மனையிலும் ஒரு தாழி தெரிந்தது. அந்த மனைக்காரர் வாத்தியார், வெகுளி. தானே போய்ச் சொல்லிவிட்டார். மனுஷன் தொலைந்தார் என்று நினைத்தேன். தொல்லியல் துறையினர் வந்தார்கள். பிரஷ்ஷால் துடைத்துத் துடைத்துப் படம் எடுத்தார்கள். நாலு நாளில் தாழியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஐந்தாம் நாள் அதே குழியில் வாத்தியாருக்குக் கம்பி இறங்கியது. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

அவர்கள் கிளம்பிய அன்று, அதிகாரி எங்கள் வாசலில் வந்து நின்றார். "நீங்க வீடு கட்டறப்ப எதுனா கெடச்சுதா சார்?"

உடைத்துவிட்டு மறைத்தவனை என்ன செய்வார்கள்?

"ஒண்ணும் இல்லைங்க," என்றாள் மனைவி, முந்திக்கொண்டு.

அவர் போனதும் கதவைச் சாத்தினாள்.

"மேஸ்திரி சம்சாரம் அன்னிக்கே சொல்லிட்டாங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்," என்றாள். "அஞ்சு வருஷமா அந்த ரூம்ல நான் தூங்குனதே இல்ல. கண்ண மூடிக்கிட்டுப் படுத்திருப்பேன், அவ்ளோதான்."