செவ்வந்தி படித்த ஒரே கட்டுரை

நெல்லைப் பற்றி உலகத்தில் வந்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் அத்தனையையும் குத்தாலத்துச் செவ்வந்தி படித்து முடித்துவிட்டாள். சரி, இது கொஞ்சம் கூடுதல். அவள் படித்தது ஒன்றே ஒன்று. அதற்கே இரண்டு நாள் பிடித்தது.

பண்ணையில் கூலிக்கு நடவு நட்டவர்களின் மகள் அவள். படிப்பு பிளஸ் டூவோடு நின்றது. அவளும் கணவன் இராஜாங்கமும் வாங்கிய மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர்தான், அந்தக் குடும்பத்தின் பெயரில் பட்டாவான முதல் மண்.

அந்த ஆண்டு தழையுரத்துக்குத் தக்கைப்பூண்டை மடக்கி உழுது, அது மட்குவதற்குள் அவசரமாக நட்டுவிட்டார்கள். இருபதாம் நாள் சம்பாப் பயிர் மஞ்சளடித்து நின்றது. உரக்கடைக்காரர் ஒரு மருந்தைச் சொன்னார்; பக்கத்து வயல்காரர் வேறொன்றைச் சொன்னார். செவ்வந்தி கைப்பேசியில் தேடினாள். அவள் வயலையே பார்த்து எழுதியது போல ஒரு கட்டுரை அகப்பட்டது. ஆனால் சுருக்கம் மட்டுமே தெரிந்தது. மீதிக்குப் பணம் கேட்டது. சுருக்கத்தில் நோய் இருந்தது, வைத்தியம் இல்லை.

பிறகு கட்டுரையின் தலைப்பையும் எழுதியவர் பெயரையும் சேர்த்துத் தேடினாள். அவர் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத் தளத்தில் அதே கட்டுரை முழுசாக, யாரும் படிக்கலாம் என்று கிடந்தது. புரியாத ஆங்கிலத்தைக் கைப்பேசியிலேயே தமிழாக்கிக்கொண்டாள். மட்காத தழை, தேங்கிய நீர், கறுத்த வேர். தண்ணீரை வடித்துவிட்டு, மண்ணில் மயிரிழை வெடிப்பு விழும்வரை காயப்போடச் சொன்னது.

முறை வைத்து விடும் வாய்க்கால் தண்ணீருக்குப் பதினோரு நாள் காத்திருந்தவர்கள் அவர்கள். அதை வடிப்பதா என்று இராஜாங்கம் கொதித்தார். கட்டுரை எழுதினவன் வந்து மறுபடி மடை திறந்துவிடுவானா என்றும் கேட்டார். செவ்வந்தி வாதாடவில்லை. வயலில் இறங்கி ஒரு குத்தைப் பிடுங்கி நீட்டினாள்.

“வேர மோந்து பாருங்க.”

கறுத்த வேர், அழுகின முட்டை நாற்றம். இராஜாங்கம் மோந்து பார்த்துவிட்டு அதை வரப்பில் போட்டார். பிறகு மண்வெட்டியை எடுத்துத் தாமே வரப்பை வெட்டினார். தண்ணீர் வடிவதைப் பார்க்க மனமில்லாமல் இருவரும் வீடு திரும்பினார்கள்.

ஆறாம் நாள் வெடிப்பு விழுந்தது. அடுத்த முறை தண்ணீர் வந்தபோது வெள்ளை வேர் விட்டிருந்தது. மூன்று மாவும் பச்சை பிடித்தது.

நான் எழுதிய இதை வாசித்துக் காட்டியபோது செவ்வந்தி இந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

“மூணு இல்லீங்க பெரியம்மா, ரெண்டு மாதான். சுருக்கத்த மட்டும் படிச்சுட்டு, எல்லாம் தெரிஞ்சதா நெனச்சு யூரியா போட்டு நாலு நாள் பாத்தேன். பள்ளத்துல இருந்த ஒரு மா அந்த நாலு நாள்லதான் போச்சு. அதையும் எழுதுங்க.”