கடித்துக் கொடுத்த வெள்ளரி

போன வாரம் அவிநாசி தாண்டி ஒரு சின்ன ஊரில் சந்தை கூடியிருந்தது. வண்டியை ஓரம் கட்டி இறங்கினேன். வாங்க வேண்டியது ஒன்றுமில்லை, வீட்டில் ஃபிரிட்ஜ் நிறையக் காய் கிடக்கிறது. ஆனாலும் பங்குனி வெயிலில், ஈரச்சாக்கின் மேல் வெள்ளரிப் பிஞ்சைக் குவித்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டால் எனக்குக் கால் நகராது. ஒரு பிஞ்சை எடுத்து, விற்றுக்கொண்டிருந்த இளைஞனிடம் நீட்டினேன். "கழுவித் தரட்டுங்களாக்கா?" என்றான். 'இல்லப்பா, நீ ஒரு கடி கடிச்சுக் குடு' என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் என்னை என்னவென்று நினைத்திருப்பான்! அரைக்கிலோ போடச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனால் ஒரு காலத்தில் எங்கள் பக்கத்துச் சந்தையில் அப்படித்தான் விற்றார்கள். விற்கிறவர் முதலில் தான் ஒரு கடி கடித்துத் தின்று காட்டுவார், பிறகுதான் மற்றவர்கள் வாங்குவார்கள். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

நான் அப்போது பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தைத்து வந்த துணியை விளக்கு வெளிச்சத்தில் விரித்து ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்க்கிற வேலை. ஊசி முனை அளவு ஓட்டையைக்கூடக் கண்டுபிடித்துவிடுவேன் என்று சூப்பர்வைசர் மெச்சுவார். அதே கண்தான் சந்தையில் சொத்தைக் கத்தரிக்காயாகப் பொறுக்கி எடுத்து வந்து அம்மாவிடம் திட்டு வாங்கும். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை சந்தை. வாரமெல்லாம் மூக்கில் ஏறிக்கிடந்த புதுத்துணி வாசனை, அன்றைக்கு ஒருநாள்தான் இறங்கும். சந்தைமேட்டு வேப்பமரங்கள் பூத்து உதிர்ந்து, தக்காளிக் கூடையெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். அந்த மரத்தடியில்தான் என் அத்தை உட்கார்ந்திருப்பார்.

அத்தை, என் அப்பாவின் அக்கா. பெயர் செல்லாத்தாள். மாமா போய்ச் சேர்ந்த பிறகு, பிள்ளைகளும் இல்லாமல், ஆற்றோரத்து ஊரில் ஒரு துண்டு நிலத்தையும் ஒரு கிணற்றையும் வைத்துக்கொண்டு தனியாகவே இருந்தார். மாசி, பங்குனிக்கு வெள்ளரி போடுவார். கூடையை இறக்கி ஏற்ற ஆள் வேண்டும் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பக்கத்தில் இருப்பேன்.

பனியன் துணிக்குச் சாயம் போடும் பட்டறைகளின் கழிவு கலந்து, ஆறு அந்த வருஷங்களில் சாயத் தண்ணீராகத்தான் ஓடியது. ஒருநாள் சிவப்பு, ஒருநாள் ஊதா. அது கரையோரக் கிணறுகளுக்குள் மெல்ல இறங்கியதில் சில கிணறுகள் உப்பாகிப்போயின, சில தப்பின. அதனால் சந்தையில் யாரும் முதலில் விலை கேட்க மாட்டார்கள். "எந்தத் தண்ணிங்க?" என்றுதான் கேட்பார்கள். வாயால் யார் வேண்டுமானாலும் நல்ல தண்ணீர் என்று சொல்லிவிடலாமே? அப்படித்தான் இந்தக் கடித்துக் காட்டும் பழக்கம் வந்தது.

அத்தை கடித்தால் மட்டும் அதற்கு மேல் யாரும் சோதிப்பதில்லை. ஒருமுறை கடித்துப் பார்த்துவிட்டு, "இது கசக்குதுங்க, இன்னைக்கு வேற பக்கம் வாங்கிக்கங்க" என்று கூடையை மூடி வைத்தவர் அவர். அந்தப் பேர் எங்கெங்கோ போயிருந்தது. "செல்லாத்தா கடிச்சதுன்னா கண்ண மூடிட்டு வாங்கலாமுங்க" என்பார்கள். அத்தைக்கு நிலமும் கிணறும் ஒரு பக்கம் என்றால், இந்தப் பேர் ஒரு பக்கம். சந்தைக்கு வரும்போது நிமிர்ந்து நடப்பதே இதனால்தான் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு வருஷம் பங்குனியில் கிணற்றுத் தண்ணீர் ரொம்பக் கீழே போயிருந்தது. வழக்கம்போல அத்தை ஒரு பிஞ்சை எடுத்துக் கடித்தார், மென்றார். "நல்லா இருக்குதுங்க" என்றார். கூட்டம் குனிந்து பொறுக்கத் தொடங்கியது. கம்பெனிப் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிற தெற்கத்திக்கார அக்கா ஒருவர் பை நிறைய வாங்கினார். நாலு எட்டு நடந்தவர், வெயிலுக்கு ஒன்றை எடுத்துக் கடித்தார். அப்படியே துப்பிவிட்டுத் திரும்பி வந்தார்.

"என்னக்கா இது, உப்பாக் கரிக்கு!"

அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்க கண்ணு முன்னாலதானுங்க கடிச்சேன்? நா பொய் சொல்லுவேனுங்களா?"

"நீங்க பொய் சொல்லுதீயன்னு நான் சொல்லலியே. நீங்களே தின்னு பாருங்க."

அத்தை இன்னொன்றைக் கடித்தார். பிறகு இன்னொன்று. "ஒண்ணும் கரிக்கலீங்களே," என்றார். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்றைக் கடித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அத்தை என்னிடம் ஒன்றை நீட்டினார். "நீ சொல்லு கண்ணு."

நாக்கில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. "கரிக்குதுங்க அத்தை," என்றேன்.

என் மேல் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. எழுந்து போய், எதிரே கொமரலிங்கம் ஊர்க்காரர் ஒருவர் டெம்போவில் கொண்டு வந்து குவித்திருந்த வெள்ளரியில் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கடித்தார். ரொம்ப நேரம் மென்றார். "இதென்னங்க இப்புடி இனிக்குது?" என்றார்.

டெம்போக்காரர் சிரித்துவிட்டார். "வெறும் வெள்ளரிதானுங்கம்மா. அமராவதித் தண்ணி."

அத்தை பாதி கடித்த வெள்ளரியைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலிலேயே நின்றார். தினமும் குடித்த தண்ணீர்தான், கொஞ்சம் கொஞ்சமாக அவர் நாக்கையும் மாற்றிவிட்டிருந்தது. உப்புத்தான் அவருக்குச் சாதாரணத் தண்ணீர் என்றாகியிருந்தது. அத்தை வீட்டில் காய்ச்சும் பால் அடிக்கடி திரிந்துபோகும். அத்தை பால்காரரைத் திட்டுவார், கூடச் சேர்ந்து நானும் திட்டுவேன். காப்பி ஒரு மாதிரி இருந்தால் வெல்லம் பழசு என்று நினைத்துக்கொள்வேன். ஓட்டை கண்டுபிடிக்கிற கெட்டிக்காரிக்கு, எல்லாம் அந்தத் தண்ணீரின் உப்பு என்று தெரியவில்லை.

பிறகு அத்தை செய்ததை என்னால் மறக்க முடியவில்லை. சந்தை வாசலுக்குப் போய் நின்றுகொண்டு, அன்றைக்கு வாங்கிப்போன ஒவ்வொருவரையும் நிறுத்தினார். "குடுத்துருங்க சாமி, அது உப்புக் காயி. நா ஏமாத்துலீங்க, ஏமாந்து போயிட்டேனுங்க," என்று சொல்லிச் சொல்லித் திரும்ப வாங்கினார். சிலர், "பரவால்லீங்க, இருக்கட்டும்" என்றார்கள். அவர் விடவில்லை. எனக்கு அழுகை வந்தது. அன்று நான் உடுத்தியிருந்த கத்திரிப்பூ நிறச் சேலை என் சம்பளத்தில் வாங்கியது. அந்தச் சம்பளமும் அந்தச் சாயத்திலிருந்து வந்ததுதான் என்று அப்போதுதான் உறைத்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாத துக்கம் அது.

அதன் பிறகு அத்தை சந்தையில் உட்காரவில்லை. சிறிது காலத்தில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். சும்மா இருக்க மாட்டாமல், பனியனில் தொங்கும் நூல் பிசிறு வெட்டுகிற வேலைக்குப் போனார். வீட்டில் சமையலும் அவர்தான். நன்றாகச் சமைப்பார், ஆனால் எதிலும் அவராக உப்புப் பார்க்க மாட்டார். குழம்பைக் கரண்டியில் மொண்டுகொண்டு, "உப்புப் பாரு கண்ணு" என்று யாரையாவது தேடி வருவார். யாரும் இல்லாவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருப்பார். அத்தையின் கைப்பழக்கமே போதும், வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை.

இப்போது அந்தக் கிணறு இல்லை, மூடி மனைக்கல் நட்டுவிட்டார்கள். ஆறு முன்னைக்குத் தேவலை என்கிறார்கள். வெள்ளரி எங்கெங்கிருந்தோ லாரியில் வருகிறது. எந்தத் தண்ணி என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் விற்பவருக்குத் தெரியாது.

கடைசி நாட்களில் டாக்டர் அத்தைக்கு உப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார். உப்பில்லாத கஞ்சியைக் கரண்டியில் எடுத்துக் கொடுத்தேன்.

"உப்புப் போட்டிருக்குதா கண்ணு?"

"இல்லீங்க அத்தை. டாக்டரு வேண்டான்னுட்டாருங்க."

கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார். "எனக்கொண்ணும் தெரியில. நீ சொன்னாச் செரி," என்று அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தார். ஒரு சந்தையே நம்பி வாங்கிய வாய் அது.