நாலு பேருக்குச் சொந்தமான பெயர்

எங்கள் குடும்பப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நான் யாரென்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். அவ்வளவு அரிதான பெயர். போன மாதம் தம்பியின் மகள் போனில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, உலகத்தில் எந்த நாட்டில் இந்தப் பெயரோடு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று காட்டினாள். ஸ்பெயினுக்கு நேரே ஒரு சின்ன எண். அர்ஜென்டினாவுக்கு நேரே அதைவிடச் சின்ன எண். இலங்கைக்கு நேரே வெறும் கோடு.

"மாமி, நாங்க இல்லையாம்" என்று சிரித்தாள்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. போனோடு கோபித்து என்ன பயன்? ஆனால் அப்பா இருந்திருந்தால் அந்தப் பக்கத்தை நடத்துகிறவனை அன்றைக்கே ஒரு வழி பண்ணியிருப்பார்.

அப்பா கொழும்புத் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மூட்டை எண்ணி எண்ணிப் பழகிய மனுசனுக்கு ஓய்வுக்குப் பிறகு எண்ண ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அதனால் முன்பே பைத்தியமாக இருந்த எங்கள் பெயரை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார். கொட்டாஞ்சேனை வீட்டுக்கு ஒவ்வொரு முறையும் புதிய டெலிபோன் டிரெக்டரி வந்து சேரும் நாள் எங்களுக்கு ஒரு பெருநாள் மாதிரி. கையைக் கழுவி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எங்கள் எழுத்துக்குரிய பக்கத்தைத் திறந்து விரலை மெதுவாகக் கீழே இறக்குவார். அம்மா குசினியில் கறி கிண்டிக்கொண்டே, "தொடங்கிட்டார் ஸ்பெயின் ராசா" என்பாள். விரல் எங்கள் வீட்டு இலக்கத்தில் வந்து நிற்கும். மேலேயும் எங்கள் ஆள் இல்லை, கீழேயும் இல்லை.

"இன்னும் நாங்கள் நாலு பேர்தான்" என்று அறிவிப்பார். அவர், அம்மா, நான், தம்பி. அதைச் சொல்லும்போது அவருக்குப் பெருமையா கவலையா என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

நான் பம்பலப்பிட்டியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை செய்தேன். என்னோடு இருந்த வெள்ளவத்தைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் என்றொரு தொல்லையே கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டால் முடிந்தது. என் பெயரைக் கேட்கிறவர்கள் மட்டும் ஒரு நொடி நிறுத்தி, "நீங்க பறங்கியா?" என்பார்கள். இல்லை, தமிழ்தான் என்றால் நம்பாமல் பார்ப்பார்கள். இந்த நாட்டில் போர்த்துக்கேயப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. தமிழரிடமும் உண்டு, சிங்களவரிடமும் உண்டு, எவரும் ஆச்சரியப்படுவதில்லை. எங்களுடையது அந்தக் கூட்டத்திலும் சேராது. ஒருமுறை எங்கள் கோயிலுக்குப் பூசை வைக்க வந்த ஸ்பெயின் தேசத்துச் சுவாமியார் ஒருவர் அப்பாவின் பெயரைக் கேட்டுத் திகைத்து, "இது போர்த்துக்கேயப் பெயரே இல்லை, எங்கள் நாட்டுப் பெயர், அதுவும் மலைப்பக்கத்தில் ஒன்றிரண்டு ஊர்களில்தான் இருக்கிறது, எல்லாரையும் கூட்டினாலும் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் நிரம்பாது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பாவைப் பிடிக்க முடியவில்லை.

இரண்டு நாடுகளும் ஒரே அரசனுக்குக் கீழே இருந்த காலம் ஒன்று உண்டாம். அப்போது போர்த்துக்கேயக் கப்பலில் ஏறி வந்த ஸ்பெயின்காரர் ஒருவர்தான் எங்கள் மூதாதை என்று அப்பா முடிவு கட்டினார். என் சின்ன வயதில் அந்த மனுசன் சாதாரண மாலுமி. நான் ஓ லெவல் சோதனை எடுத்த வருடம் கப்பல் அதிகாரி ஆனார். தம்பி சோதனை எடுக்கும்போது கப்டன். இன்னும் ஒரு பிள்ளை இருந்திருந்தால் அவரைத் தேசாதிபதியாக்கியிருப்பார் என்று நான் பகிடி பண்ணுவேன்.

ஒரேயொரு முறை டிரெக்டரியில் எங்கள் இலக்கத்துக்கு மேலே அதே பெயரில் இன்னொரு இலக்கம் இருந்தது. ஹெந்தளை விலாசம். அப்பாவுக்குக் கைகால் ஓடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே கேக் ஒன்று வாங்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். வீட்டில் இருந்தது வயதான பறங்கித் தம்பதி. முன்கூடம் முழுக்கப் பெட்டிகள். அவுஸ்திரேலியாவுக்கு மகளிடம் போகப் போகிறார்களாம். தேத்தண்ணி தந்தார்கள், மரியாதையாகத்தான் கதைத்தார்கள். அப்பா கப்டன் கதையைத் தொடங்கியதும் அந்த மனிதர் இங்கிலீஷில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்களுக்கு அது ரத்தத்தில் வந்திருக்காது. உங்கள் ஆட்களில் யாரோ ஒருவர் ஞானஸ்நானம் எடுத்திருப்பார். ஞானத்தகப்பனாக நின்றவன் தன் பெயரைக் கொடுத்திருப்பான். இங்கே பாதிப் பேருக்கு அப்படித்தான் வந்தது."

அப்பா வீட்டுக்கு வந்து, "கேக்கை வைச்சுட்டு வந்திருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். எனக்கு உள்ளூரச் சிரிப்பு. ஆனால் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அடுத்த டிரெக்டரியில் அந்த இலக்கம் இல்லை. நாங்கள் மறுபடி நாலு பேர் ஆனோம்.

இதெல்லாம் தொண்ணூறுகளில். அந்த வருடங்களில் கொழும்பில் எங்காவது குண்டு வெடித்தால், அடுத்த நாள் விடியவே வெள்ளவத்தை லொட்ஜுகளில் பொலிஸ் ஏறும். வடக்கிலிருந்து வந்து விசாவுக்குக் காத்திருக்கிற சனம் அங்கேதான் இருந்தது. கொழும்பில் இருக்கிற சொந்தக்காரர் யாராவது வந்து பொறுப்பேற்றுக் கையெழுத்து வைத்தால் விடுவார்கள். ஒருவரும் வராவிட்டால் தெற்கே தடுப்பு முகாமுக்கு பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். போனவர்கள் எப்போது வருவார்கள் என்று கேட்க ஆளில்லை.

அப்படியொரு காலையில் எங்கள் வீட்டுப் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். வெள்ளவத்தைப் பக்கத்துப் பொலிஸ் நிலையத்திலிருந்து ஒரு அதிகாரி சிங்களத்தில் கதைத்தார். குரலில் கடுமை இல்லை, களைப்புத்தான். லொட்ஜில் பிடித்த ஒரு பெண் அங்கே இருக்கிறாளாம். மன்னார்ப் பக்கத்து விலாசம். கொழும்பில் யாரும் இல்லை என்றுதான் முதலில் சொன்னாளாம். அவருக்கு அவளுடைய குடும்பப் பெயர் புதிதாக இருந்ததால் டிரெக்டரியைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். ஒரே ஒரு பெயர்தான் இருந்திருக்கிறது. இவர் உன் ஆளா என்று கேட்டதும் அவள் ஓம் என்று தலையாட்டியிருக்கிறாள்.

"உங்கள் ஆள்தானே? பின்னேரம் பஸ் போய்விடும்" என்றார்.

நான் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு விசயத்தைச் சொன்னேன். அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"இல்லை எண்டு சொல்லு. எங்களுக்கு மன்னார்ல ஆரும் இல்லை."

"இல்லைத்தான்" என்றேன்.

"அவளை இண்டைக்குக் கூட்டிக்கொண்டு வந்தா, நாளைக்கு இவனைக் கூட்டிக்கொண்டு போவாங்கள்" என்று தம்பியைக் காட்டினாள். தம்பிக்கு அப்போது இருபது வயது. சோதனைச் சாவடியில் மறிப்பதற்கென்றே அளவெடுத்த வயது. அம்மா சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

அப்பா என் கையிலிருந்து போனை வாங்கினார். தன் அரைகுறைச் சிங்களத்தில் ஒப்புக்கொண்டு, "ஓவ் மாத்தயா. அண்ணன்ர மகள். வாறன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"உங்களுக்கு ஏது அண்ணன்?" அம்மா கத்தினாள். "தனிப்பிள்ளைக்கு அண்ணன்! விசரா உங்களுக்கு? அந்தக் கப்டனுக்காக என்ர பிள்ளையைக் காவு குடுக்கப் போறீங்களா?"

அப்பா கதிரையில் உட்கார்ந்து சப்பாத்தைப் போட்டார். லேசைக் கட்டாமலே எழும்பினார். நான் குனிந்து கட்டிவிட்டேன்.

"ஹெந்தளையில அந்தாள் சொன்னது சரிதான்" என்றார் என்னிடம். "கப்டனும் இல்லை, கிப்டனும் இல்லை. எவனோ ஒருத்தன் எங்கட ஆளுக்காக முன்னுக்கு வந்து நிண்டிருக்கிறான். முன்னப் பின்னத் தெரியாதவன். அதுக்குத்தான் இந்தப் பேர். இப்ப நான் நிக்காட்டி எனக்கு என்னத்துக்கு இது?"

அம்மா குசினிக்குப் போனாள். சட்டிப்பானைச் சத்தம் தெருவுக்குக் கேட்டது.

அப்பாவின் சிங்களத்தை நம்ப முடியாது என்று நானும் கூடப் போனேன். பொலிஸ் நிலையத்து வாங்குகளில் உட்கார இடமில்லை. சனம் நிலத்தில் இருந்தது. அந்த அதிகாரி மேசையில் டிரெக்டரியை இன்னும் திறந்தே வைத்திருந்தார். அவளைக் கூட்டி வந்தார்கள். என் வயதுதான் இருக்கும். வீட்டுச் சட்டையோடு, காலில் செருப்பில்லாமல். எங்களைப் பார்த்தாள். யாரென்று தெரியாத பார்வையை மறைக்க அவசரமாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதிகாரி பேனையை எடுத்தார். "உங்கள் அண்ணன் மகளா? அண்ணனின் பெயர் என்ன?"

இந்தக் கேள்வியை நாங்கள் யோசிக்கவே இல்லை. அவளுடைய அப்பாவின் பெயர் எங்கள் இருவருக்கும் தெரியாது. அவளிடம் ஏற்கெனவே கேட்டு எழுதி வைத்திருப்பார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பா மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அவன்ர பேரை என்ர வாயால சொல்ல மாட்டன் எண்டு சொல்லு" என்றார் என்னிடம். "காணிச் சண்டையில என்னை நாய் மாதிரிக் கலைச்சவன். செத்த வீட்டுக்கும் போக மாட்டன். பிள்ளை என்ன பாவம் செய்தது? பிள்ளைக்காக வந்தனான். அவன்ர பேரை மட்டும் கேக்க வேண்டாம் எண்டு சொல்லு."

நான் மொழிபெயர்த்தேன். என் குரல் நடுங்கியது. அது எனக்கு நல்லதாகவே போயிற்று, குடும்ப மானம் போகிறது என்று அவர் நினைத்திருப்பார். அந்தப் பெண் அந்த இடத்திலேயே உடைந்து அழத் தொடங்கினாள். அதிகாரி அப்பாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிச் சிரித்தார். தன் தகப்பனும் சித்தப்பாவும் ஒரு பலாமரத்துக்காக இப்படித்தான் என்று சொன்னார். அடையாள அட்டையைப் பார்த்துத் தானே எதையோ எழுதிக்கொண்டு தாளை அப்பாவின் பக்கம் தள்ளினார். கொட்டாஞ்சேனை விலாசத்தில்தான் அவள் இருக்க வேண்டும், கேட்டால் அப்பாதான் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அப்பா முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாக எழுதிக் கையெழுத்து வைத்தார்.

த்ரீவீலரில் அவளை நடுவில் இருத்தினோம். வண்டி காலி வீதி என்கிற பெரிய தெருவில் ஏறியது. முதலில் அவள்தான் கதைக்கத் தொடங்கினாள்.

"ஐயா, என்ர அப்பாக்கு அண்ணன் தம்பி ஒருத்தரும் இல்லை."

"எனக்கும் இல்லை" என்றார் அப்பா.

அவளுக்கு அழுகைக்குள் ஒரு சிரிப்பு வந்தது. "நீங்கள் காணிச் சண்டை எண்டு சொன்னதைக் கேட்டிருந்தா அப்பா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார். அவர் ஒருத்தரோடயும் சண்டை பிடிக்காத மனுசன். எங்கட பேரைப் பற்றி மட்டும் பெரிய புளுகு. இந்த நாட்டிலேயே இந்தப் பேர் எங்களுக்கு மட்டும்தான் எண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்."

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். தன்னைப்போல இன்னொரு பைத்தியக்காரன், அதே பெயரோடு, அதே பெருமையோடு, மன்னார்க் கடற்கரையில் இத்தனை வருடம் இருந்திருக்கிறான். அவருக்கு அதைத் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். பிறகு எத்தனையோ வருடமாக யாரிடமாவது கேட்க வேண்டும் என்று வைத்திருந்த கேள்வியைக் கேட்டார்.

"உங்கட வீட்டில எத்தனை பேர் பிள்ளை, இந்தப் பேரோட?"

அவள் மடியில் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. அப்பா, அம்மா, அண்ணன், தம்பி என்று வாய்க்குள் சொல்வது எனக்குக் கேட்டது. பிறகு எல்லா விரலையும் விரித்துவிட்டாள்.

"ஷெல் விழுந்ததுக்குப் பிறகு நான் மட்டும்தான், ஐயா."

ஜெர்மனியில் இருக்கிற சின்னம்மா கூப்பிட்டிருக்கிறாளாம். அவள் தாய் வழி, வேறு பெயர். கோட்டையடியில் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். மூன்று அடையாள அட்டைகளையும் சேர்த்து நீட்டினோம். சிப்பாய் கடைசிப் பெயர்களைப் பார்த்துவிட்டு, ஒரே குடும்பம், போங்கள் என்று கையைக் காட்டினான்.

கொட்டாஞ்சேனையில் அம்மா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அழுதிருக்கிறாள் என்று மூக்கைப் பார்த்தாலே தெரிந்தது. தம்பி பின்னால் நின்றான். வழியை விட்டு அம்மா அசையவில்லை.

"இப்ப என்ன சொல்லப் போறீங்க?" என்றாள்.

அப்பா நிறையச் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். ஞானத்தகப்பன், ஹெந்தளை, கப்டன் எல்லாம் வரும் என்று நினைத்தேன். அவர் டிரெக்டரி நாளில் அறிவிக்கிற அதே குரலில், ஆனால் மெதுவாகச் சொன்னார்.

"இப்ப நாங்கள் ஐஞ்சு பேர்."

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் வெறுங்காலைப் பார்த்தாள். தன் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் தள்ளிவிட்டு, வாசலை விட்டு விலகினாள்.